பெரும்பாலும்

சண்முகவடிவு அந்தப் பத்தியை மறுபடியும் முதலிலிருந்து வாசித்தாள். மூச்சுக்குழாய்களின் உட்சுவரில் கண்ணுக்குத் தெரியாத பொடி மயிர்கள் இருக்கின்றன, சிலியா என்று பெயர், அவை ஒரே திசையில் அசைந்து அசைந்து சளியையும் தூசியையும் மேலே தள்ளிக்கொண்டே இருக்கும், சிலருக்குப் பிறவியிலேயே அவை அசைவதில்லை, அசையாததால் சளி தேங்கும், தேங்கினால் சீழ் பிடிக்கும், சீழ் பிடித்துப் பிடித்துக் குழாய்ச் சுவர் தொளதொளத்து அகன்று போகும். இதுவரை சரி. இதுவரைக்கும் அவளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவாள். கருவில் இதயத்தை இடப்பக்கம் திருப்பிவிடுவதும் இந்த மயிர்களின் வேலைதான், அவை அசையாவிட்டால் திருப்பிவிட ஆளில்லை, இதயம் தன்பாட்டுக்கு ஏதோ ஒரு பக்கம் திரும்பிக்கொள்கிறது, பாதிப் பேருக்கு வலப்பக்கம். இதுவும் சரி. அடுத்த வரிக்கு வந்ததும் கண் வழுக்கி மேலே போய்விடுகிறது, சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்ததிலிருந்து இதே கதைதான். விந்தணுவின் வாலும் அதே வகை மயிர், அதுவும் அசையாது, ஆகவே இந்த நோயுள்ள ஆண்களில் பெரும்பாலோருக்குக் குழந்தை பிறப்பதில்லை. ஒரே ஒரு வரி. வைவாவில், வாய்மொழிப் பரீட்சையில், இதற்கு அரை மதிப்பெண்கூடத் தேறாது. கடைசியாக, மூச்சு விடுகிற நேரத்தில் சொல்லிவிட்டுப் போகிற வரி. ஆனால் அந்த வரி வந்ததும் காலையில் வார்டில் பார்த்த பிரமசக்தி அக்காவின் முகம் வந்துவிடுகிறது, பிறகு பக்கம் முழுவதும் வெறும் கறுப்புப் பூச்சியாக ஊர்கிறது. வாசிப்பறையின் மின்விசிறி சூட்டைத்தான் கிளறிக்கொண்டிருந்தது. எதிர்மேசையில் இரண்டு பிள்ளைகள் ஒருத்தியை ஒருத்தி கேள்வி கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இருவரும் அவளுக்கு ஒரு வருடம் இளையவர்கள், நாளைக்கு அவளோடு சேர்ந்து பரீட்சை எழுதுகிறவர்கள், அவளை அக்கா என்று கூப்பிடுகிறவர்கள். அவளோடு படித்தவர்கள் எப்போதோ டாக்டர்களாகி எங்கெங்கோ போய்விட்டார்கள். நாளைக்கு மூன்றாவது தடவை. எழுத்துத்தாள் எல்லாவற்றிலும் பாஸ், நோயாளியைத் தொட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டிய இடத்தில்தான் ஒவ்வொரு தடவையும் கால் இடறுகிறது.

போன தடவை அவளுக்கு வந்த கேஸ் உச்சிமாகாளி அண்ணாச்சி. அப்போது அவர் பெயர்கூடத் தெரியாது, பன்னிரண்டாம் படுக்கை, நாற்பது வயது ஆண், சிறு வயதிலிருந்து இருமல், அவ்வளவுதான். நெஞ்சின் இடப்பக்கம் ஸ்டெதஸ்கோப்பை வைத்தாள். ஏதோ தூரத்தில் கேட்டது, கிணற்றுக்குள் ஆள் நடக்கிற மாதிரி. கேட்டது என்று அன்றைக்கு நம்பினாள், இப்போது யோசித்தால் கேட்க வேண்டும் என்று இருந்ததால் கேட்டதோ என்று தோன்றுகிறது. அவர் வலது கையால் வலது மார்பைத் தடவித் தடவிக் காட்டினார், அரிக்கிறது போல என்று நினைத்தாள். இதய ஒலி இயல்பு என்று எழுதினாள். வெளியூரிலிருந்து வந்த எக்ஸாமினர் அதை வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இடதுபக்கம் கேட்டீங்களாம்மா?" "கேட்டேன் சார்." "நல்லாக் கேட்டுதா?" "கேட்டுது சார்." "அந்தப் பக்கம் அவருக்கு இதயமே இல்லையேம்மா, நீங்க யாரு இதயத்தைக் கேட்டீங்க?" பின்னால் நின்ற யாரோ களுக்கென்று சிரித்தார்கள். யாருடைய இதயத்தைக் கேட்டாய், யாருடைய இதயத்தைக் கேட்டாய் என்று ஆறு மாதமாக அது தலைக்குள் ஓடுகிறது. பல் தேய்க்கும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது, அம்மா போனில் "இந்தத் தடவையாவது முடிஞ்சிருமாடி" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் அந்த இடைவெளியில். இப்போதுகூட அவளுடைய கை மேசைக்கடியில் சுடிதாருக்கு மேலாகத் தன் நெஞ்சைத் தொட்டுப் பார்த்தது. இடப்பக்கம்தான் இருக்கிறது. துடிக்கிறது. அதனால் என்ன பிரயோஜனம்.

அந்த அவமானத்துக்குப் பிறகு அவள் இந்த ஒரு நோயைத்தான் கரைத்துக் குடித்தாள். தேவைக்கு மேலேயே படித்தாள், ஏதோ அந்த ஆளின் நெஞ்சுக்குள் தொலைத்ததை அங்கேயே தேடிப் பிடித்துவிட வேண்டும் என்கிற மாதிரி. அதோடு பக்கத்தில் கிடந்த அபூர்வங்களையும் சேர்த்துப் படித்தாள். நெஞ்சுக்குள் ஓடும் ஒரு ரத்தக்குழாய் வழிதவறிப்போய் நுரையீரலின் உச்சியைத் துண்டாகப் பிரித்துவிடுவது, இரண்டு நுரையீரலும் இதயத்துக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு குதிரை லாடம் மாதிரி கிடப்பது, மூச்சுக்குழாயோடு சேராமல் தனியே வளர்கிற நுரையீரல் துண்டு. இந்தக் கடைசி ஒன்று அவளை என்னமோ செய்தது. அதற்கு ரத்தம் போகிறது, அது உயிரோடு இருக்கிறது, வளர்கிறது, ஆனால் ஒரு மூச்சுகூட அதற்குள் போய்த் திரும்பியதில்லை, அது எதற்கு இருக்கிறது என்று அதற்கே தெரியாது. விடுதியின் மூலை அறையில் கட்டில் போட்டுக்கொண்டு, எந்த வகுப்பிலும் பெயர் இல்லாமல், மெஸ்ஸில் மட்டும் சாப்பிட்டுக்கொண்டு. சீ, போதும். படி. அடுத்த பக்கம், கல்தூசி நுரையீரல். இல்லை, இந்த வரியை முடித்துவிட்டுத்தான் அடுத்த பக்கம். பெரும்பாலோருக்கு. எல்லோருக்கும் என்று போடவில்லை, பெரும்பாலோருக்கு என்றுதான் போட்டிருக்கிறது. அப்படியென்றால் நீ சொல்ல வேண்டிய அவசியமில்லை, வடிவு. உனக்குத் தெரியாது. புத்தகத்துக்கே முழுசாகத் தெரியாதது உனக்கு எப்படித் தெரியும்? நீ இல்லாத இதயத்தைக் கேட்டவள்.

காலையில் வார்டுக்குப் போகாமல் இருந்திருக்கலாம். பரீட்சைக்காக அண்ணாச்சியை மறுபடி வரவழைத்துப் படுக்க வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஒரு தடவை நெஞ்சில் குழல் வைத்துப் பழகிக்கொள்ளலாம் என்று போனாள். அவர் மனைவி பிரமசக்தி அக்கா அவளைக் கண்டதும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். போன தடவை ரிசல்ட் வந்த அன்றைக்கு மருத்துவமனை வாசலில் இவள் அழுதுகொண்டு நின்றபோது, "எங்களாலதான தாயி ஒனக்கு இப்படி ஆச்சு" என்று சேர்ந்து அழுதவள் அவள். இன்று காலை அண்ணாச்சி எக்ஸ்ரேக்குப் போயிருந்தார். அக்கா கட்டிலின் விளிம்பில் இவளை உட்கார வைத்து, தானாகவே சொன்னாள். "அவுகளுக்கு ஒரு எடம் பாத்திருக்கு தாயி. எங்க அத்த வழிச் சொந்தந்தான், வயசு இருவத்தஞ்சு, தகப்பன் இல்லாத புள்ள. நாளைக்கு எங்க ஆளுக போயி உறுதி பண்ணுதாவ. நானும் சரின்னுட்டேன்." இவளுக்கு முதலில் புரியவில்லை. "யாருக்குக்கா?" "அவுகளுக்குத்தான். பதினாலு வருசம் பாத்தாச்சு. என் வயித்துலதான் ஒண்ணும் தங்கல. பெரியாஸ்பத்திரியில காட்டினப்போ எனக்கு எல்லாம் நல்லாத்தான் இருக்குன்னாக, ஒங்க வீட்டுக்காரரக் கூட்டிட்டு வான்னாக. எங்க அத்த விடல. ஆம்பளையப் போயி சோதிப்பாகளான்னு ஒரே சத்தம். அப்புறம் நாட்டு மருந்து, கசாயம், பத்தியம், நாப்பத்தெட்டு நாளு உப்பில்லாச் சோறு, நான் திங்காத எல கெடையாது. போவட்டும், எனக்குத்தான் கொடுத்து வைக்கல, அவுகளுக்காவது ஒண்ணு பொறக்கட்டும்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு பழகிப்போன சிரிப்பு, விசேஷ வீடுகளில் ஆரத்தித் தட்டு எடுக்கிற நேரத்தில் தானாகவே பின்வரிசைக்கு நகர்ந்துவிடுகிறவர்கள் சிரிப்பது. வடிவு அப்போதே வாயைத் திறந்திருக்க வேண்டும். "படிக்கணும்க்கா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

படிக்கணும்க்கா. என்னத்தைப் படிக்கிறாய். நோயாளியின் ரகசியம் நோயாளிக்குச் சொந்தம், மனைவியானாலும் அவர் சம்மதமில்லாமல் சொல்லக்கூடாது, இதுவும் படித்ததுதான், இதற்கும் மதிப்பெண் உண்டு. அப்படியானால் அவரிடம் சொல்லலாம். அவருக்கு யாராவது சொல்லியிருப்பார்கள். யார்? ஒவ்வொரு டாக்டரும் இருமலைப் பார்த்தார், சளியைச் சோதித்தார், மாத்திரை எழுதினார், மற்றதை வேறு யாராவது சொல்லியிருப்பார் என்று விட்டிருப்பார். வருடா வருடம் அவரைக் கிடத்திவைத்து ஒரு வகுப்பே சுற்றி நின்று, நெஞ்சில் இன்னது, நகத்தில் இன்னது, ஈரல் இடப்பக்கம் என்று ஒப்பித்துவிட்டுக் கடைசியில் பிள்ளையின்மைக்கான அந்த வார்த்தையையும் ஒப்பிக்கும், அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பார். இங்கிலீஷில் சொல்வதால் அது அவர்மேல் படாது என்று எல்லாருக்கும் ஒரு நினைப்பு. இந்த இருபத்தைந்து வயதுப் பெண், தகப்பன் இல்லாதவள், அவளும் கசாயம் குடிப்பாள். அவளுக்கும் உப்பில்லாச் சோறு. இரண்டு பேருமாக ஒரே வீட்டில் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டு. ஒருவேளை பிறந்தால்? பெரும்பாலோருக்கு என்றுதானே. அந்த வார்த்தையை யார் போட்டது, எல்லோருக்கும் என்று போட்டுத் தொலைத்திருந்தால் இவளுக்கு எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும். வடிவுக்கு இருமல் வந்தது. வறட்டு இருமல், நான்கைந்து நாளாகவே இருக்கிறது, மாலையில் லேசாக உடம்பு சுடுகிறது, எடையும் குறைந்திருக்கிறது, காசநோயாக இருக்கலாம். போன மாதம் இதயத்தில் ஓட்டை என்று நினைத்தாள். எதிர்மேசைப் பிள்ளை நிமிர்ந்து, "தண்ணி வேணுமாக்கா?" என்றது. வேண்டாம் என்று தலையாட்டிவிட்டுப் புத்தகத்தை மூடினாள். மூடிய கை அதன் மேலேயே கொஞ்ச நேரம் கிடந்தது. பிறகு எழுந்துவிட்டாள். என்ன செய்யப்போகிறோம் என்று தெரியாமல்தான் எழுந்தாள், ஆனால் கால்களுக்குத் தெரிந்திருந்தது, அவை நேராக மருத்துவமனைப் பக்கம் நடந்தன. பார்வையாளர் நேரம் என்பதால் மாடிப்படி முழுக்கத் தூக்குவாளிகளும் பிள்ளைகுட்டிகளும். அவரிடம் மட்டும் சொல்வோம், முறைப்படி, தனியாக, மெதுவாக, அதற்குமேல் நம் கையில் இல்லை என்று நடக்க நடக்க மனப்பாடம் செய்துகொண்டாள்.

அண்ணாச்சி தனியாகத்தான் இருந்தார், தலையணையை முதுகுக்குக் கொடுத்துச் சாய்ந்து. "வாங்க டாக்டரம்மா, அவ டீ வாங்கப் போயிருக்கா, இருங்க. நாளைக்கு நான் ஒங்களுக்கு வந்தா ஒண்ணும் பயப்படாதிய, வலது பக்கம், மறந்துராதிய" என்று சிரித்தார். இவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மனப்பாடம் செய்தது ஒன்றும் வரவில்லை. "அண்ணாச்சி, உங்க நோவுக்கும் பிள்ளை இல்லாததுக்கும் சம்பந்தம் இருக்கு. யாராவது உங்ககிட்ட..." என்பதற்குள் அவர் கையைத் தூக்கினார், போதும் என்பதுபோல. சிரிப்பு போய்விட்டது. குரலைத் தாழ்த்திக்கொண்டார். "தெரியும்மா." வார்டின் கோடியில் ஒரு குழந்தை வீறிட்டது. "கல்யாணமாகி ரெண்டாம் வருசமோ மூணாம் வருசமோ. உங்கள மாதிரி படிக்க வந்த பையன் ஒருத்தன், நல்ல பையன், நான் கேட்டேன், சொன்னான். எல்லாரும் கடைசியில ஒண்ணு சொல்லுதியளே, அது என்னதுன்னு கேட்டேன்." அப்படியானால் இத்தனை வருடமாக, இத்தனை கசாயத்துக்கும். "அக்காகிட்ட?" "எப்படிம்மா சொல்ல. அன்னைக்கே சொல்லியிருக்கணும். அன்னைக்கு விட்டுட்டா மறுநா அதவிடக் கஷ்டம். அதுக்கு மறுநா இன்னுங் கஷ்டம். எங்கம்மா அவளப் பேசும்போதெல்லாம் நான் எந்திரிச்சி வெளிய போயிருவேன், அது ஒண்ணுதான் என்னால முடிஞ்சுது." "அந்தப் பொண்ணு, அண்ணாச்சி? நாளைக்கு உறுதி பண்ணப் போறாங்களாமே." அவர் ஜன்னலைப் பார்த்தார். பிறகு, கேட்கக் கூசுகிறவர் போல, "புக்குல எல்லாருக்கும்னு போடலேல்லாம்மா? அந்தப் பையன் சொன்னான், சில பேருக்குப் பொறக்கும்னு. யாரு கண்டா" என்றார். வடிவு அவருடைய விரல்களைப் பார்த்தாள், நுனி தடித்து மேளக் குச்சி மாதிரி உருண்ட நகங்கள். கோபம் வரவேண்டும் என்று காத்திருந்தாள், வரவில்லை. தானும் மத்தியானம் முழுக்க அதே வார்த்தையைத்தானே கட்டிக்கொண்டு கிடந்தோம், அந்த ஒரு வார்த்தைக்குள் நாங்கள் இரண்டு பேருமாகச் சேர்ந்து ஒளிந்துகொண்டிருந்திருக்கிறோம் என்றுதான் தோன்றியது. "நீங்களே சொல்லிடுங்க அண்ணாச்சி. இன்னைக்கே."

பிரமசக்தி டீ ஃபிளாஸ்க்கோடு வந்தாள். "அட, தாயி! படிச்சிட்டியா?" என்று கேட்டுக்கொண்டே டம்ளர்களைத் துடைத்தாள். "நல்லவேளை வந்த. ஒருத்தர்கிட்டயும் கேக்க வெக்கமா இருந்துச்சி. நாளைக்கு எங்க ஆளுக போற எடத்துல, இந்தப் பொம்பளைக்கு என்ன கோளாறுன்னு கேப்பாக. நான் என்னத்தச் சொல்லி அனுப்ப? பெரியாஸ்பத்திரிக்காரக ஒண்ணுமில்லன்னுட்டாக. ஒண்ணுமில்லன்னா எப்படி? கர்ப்பப்பையில சதையா, ரத்தத்துல சூடா, ஏதாவது ஒரு பேரு சொல்லு தாயி, கேக்குதவுகளுக்கு நானும் சொல்லணும்லா." வடிவு அண்ணாச்சியைப் பார்த்தாள். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். ஒரு பெயர் சொல்லலாம், எத்தனையோ பெயர் தெரியும், ஏதாவது ஒன்றைச் சொல்லிவிட்டுப் போய்ப் படிக்கலாம், நாளைக்குப் பரீட்சை. "உங்ககிட்ட ஒரு கோளாறும் இல்லக்கா" என்று சொன்னாள். தன் குரல்தான் அது என்று அவளுக்கே பிறகுதான் தெரிந்தது. "எப்பவும் இருந்ததில்ல." "அப்பம் பொறவு ஏன்?" என்றாள் பிரமசக்தி. அக்காவின் கையில் டம்ளர் சாய்ந்திருந்தது, டீ இன்னும் ஊற்றவில்லை. அவள் வடிவின் முகத்தைப் பார்த்தாள், பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்த முதுகைப் பார்த்தாள். அந்த முதுகு அசையவே இல்லை. யாரும் எதுவும் சொல்லாமலே அது மெல்ல மெல்ல அவளுக்குப் போய்ச் சேர்ந்ததை வடிவு பார்த்துக்கொண்டிருந்தாள், தடுக்க வழியில்லாமல். "இஞ்ச பாருங்க" என்றாள் பிரமசக்தி. "ஒங்களுக்கு முன்னமே தெரியுமா?" முதுகு குறுகியது. "அந்தக் கசாயத்தயெல்லாம் நான் கொமட்டிக் கொமட்டிக் குடிச்சப்போ நீங்கதான டம்ளரப் புடிச்சிய?" சத்தமே இல்லாமல் கேட்டாள். பக்கத்துப் படுக்கைக்காரருக்குக்கூடக் கேட்டிருக்காது.

அவருக்கு இருமல் வந்தது. வேண்டுமென்றே வந்த மாதிரி இருந்தது, ஆனால் அப்படி இல்லை, அந்த நோய்க்குத் திரும்பிப் படுத்தால் இருமல் வரும், தேங்கியது நகரும், புத்தகத்தில் இருக்கிறது. அவர் எழுந்து உட்காரத் திணறினார், முகம் கறுத்துக்கொண்டு வந்தது. பிரமசக்தி டம்ளரைக் கீழே வைத்தாள். கட்டிலுக்கடியிலிருந்து சளி துப்பும் பேசினை இழுத்து அவர் வாய்க்கு நேரே பிடித்தாள். இன்னொரு கையைக் குவித்து அவர் முதுகில், கீழ்ப்பக்கமாக, தட்டத் தொடங்கினாள். சளி வெளியேறத் தட்டிவிட வேண்டும் என்று யாரோ எப்போதோ சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். பொத், பொத், பொத் என்று விழுந்தது கை. வடிவு அந்தக் கையையே பார்த்தாள், ஒரு அடியாவது ஓங்கி விழுந்துவிட வேண்டும் என்று மனசுக்குள் கெஞ்சினாள். விழவில்லை. அவர் துப்பி முடித்ததும் அவள் முந்தானையால் அவர் வாயைத் துடைத்து, பேசினை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள். வடிவு பின்னாலேயே போனாள், ஏதாவது சொல்ல வேண்டும் என்று, என்ன சொல்ல என்று தெரியாமல். கழுவுமிடத்தில் பிரமசக்தி குழாயைத் திறந்துவிட்டுத் தண்ணீர் நிரம்பி வழிகிறதைப் பார்த்தபடி நின்றாள்.

"அக்கா, நான் சொல்லியிருக்கக் கூடாதோ" என்றாள் வடிவு. "அந்தப் புள்ள பாவம்" என்றாள் பிரமசக்தி, தண்ணீரைப் பார்த்துக்கொண்டே. "நாளைக்கு ஆளுக போவப்படாது. எனக்குச் சம்மதம் இல்லன்னு இன்னைக்கே போன் போட்டுச் சொல்லிருதேன்." "திடீர்னு ஏன்னு கேப்பாங்களேக்கா." "கேப்பாக." "அப்போ உண்மையைச் சொல்லிடுங்களேன்." பிரமசக்தி அப்போதுதான் திரும்பினாள். கண் காய்ந்துதான் இருந்தது. "அவுகளையா? நாலு பேருக்கு முன்னாடியா? அது வேண்டாம் தாயி. மலடி மலடின்னவுக இனிமே பொறாமக்காரின்னும் சொல்லட்டும். தானும் பெறல, இன்னொருத்தியையும் பெற விடலன்னு சொல்லுவாக. சொல்லிட்டுப் போட்டும்." குழாயை மூடினாள். அவளை விடுவிக்கத்தான் வந்தேன் என்று வடிவு நினைத்திருந்தாள், கதவைத் திறந்துவிட்டால் வெளியே வந்துவிடுவாள் என்று. அவள் பேசினைக் கவிழ்த்து நீரை வடியவிட்டு, சேலையில் கையைத் துடைத்தாள். "நீ போயிப் படி" என்றாள். அதில் கோபமும் இல்லை, காலையில் இருந்த அந்தப் பிடிப்பும் இல்லை. வார்டுக்குள் மறுபடி இருமல் கேட்டது. அவள் நின்று, ஒரு கணம் சுவரில் தோளைச் சாய்த்துக்கொண்டாள், கண்ணை மூடினாள், இருமல் நிற்கிறதா என்று பார்க்கிறவள் போல. நிற்கவில்லை. உள்ளே போனாள்.